பையும் கயிறும்: கடலடி மரக்கலங்களின் சாட்சியம்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீக வளைகுடாவின் சீராஃப் துறைமுகத்தில் அபூ ஸைத் அல்ஹஸன் என்றோர் அறிஞர் வாழ்ந்தார். ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) தொகுக்கப்பட்ட சீன, இந்தியக் கடற்பயணக் குறிப்புகளைச் சரிபார்த்து, தம் காலத்து வணிகரிடமும் மாலுமிகளிடமும் கேட்டறிந்தவற்றை அவற்றோடு சேர்த்து எழுதியவர் அவர். அவர் பதிந்துள்ள செய்திகளுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. ரோமர் கடல் என அரபியர் அழைத்த மத்தியதரைக் கடலில், உடைந்துபோன மரக்கலம் ஒன்றின் பலகைகள் கண்டெடுக்கப்பட்டன. அந்தப் பலகைகளில் ஆணி அடித்த தடயம் இல்லை. துளையிட்டுக் கயிற்றால் தைத்த தடயம் இருந்தது. ஷாம் நாட்டாரும் ரோமரும் தம் கப்பல்களை ஆணியால் இணைப்பவர்கள். பலகைகளைத் தைப்பது சீராஃப் பகுதியாரின் வழக்கம். அப்படியிருக்க, கீழைக்கடலின் கப்பல் ரோமர் கடலுக்கு எப்படி வந்தது? இரண்டு கடல்களும் எங்கோ ஓரிடத்தில் கலந்திருக்க வேண்டும் என்று அபூ ஸைத் முடிவு செய்தார்.

அவர் ஊகித்த கடல்வழி இன்றைய நிலப்படத்தோடு முழுதும் பொருந்துவதன்று. ஆயினும் அவர் கையாண்ட முறை இன்றும் பழுதற்றது. மரத்தைப் பார்த்தார், மரத்தை இணைத்த விதத்தைப் பார்த்தார், அந்த விதம் எந்தக் கரைக்கு உரியது என்று கேட்டார், விடையை எழுதி வைத்தார். ஹிஜ்ரி 303இல் பஸ்ராவில் அவரைச் சந்தித்த வரலாற்றாசிரியர் மஸ்ஊதியும், கிரீட் தீவையொட்டிய கடலில் கிடைத்த, தென்னை நாரால் தைக்கப்பட்ட தேக்குப் பலகைகளைப் பற்றித் தம் நூலில் எழுதினார். கடல்சார் தொல்லியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு துறை இருக்கிறது. அத்துறையினர் செய்வதன் அடிப்படை இதுவே. பலகையைக் கண்டவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. கண்டதைக் கேட்டு எழுதியவர் இருந்ததால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பலகை நம்மிடம் பேசுகிறது.

கண்டெடுத்த பொருளைப் பற்றி நம் மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டல் உண்டு. 'லுகதா' எனப்படும் அப்பொருளைக் குறித்து ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வினவியபோது, அது இருந்த பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக்கொள்ளவும், பின்னர் ஓராண்டுக் காலம் அறிவிப்புச் செய்யவும் அவர்கள் பணித்தார்கள். ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் வழியாக இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பொருளின் விலையைப் பற்றிய பேச்சுக்கு முன்பே பையும் கயிறும் வந்துவிடுவதைக் கவனிக்க வேண்டும். பொருள் எதனுள் இருந்தது, எதனால் கட்டப்பட்டிருந்தது என்பதே அதன் உரிமையாளரைக் காட்டித்தரும் அடையாளம். நூற்றாண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பல்களுக்கு இந்தச் சட்டம் அப்படியே பொருந்துமா என்பது மார்க்க அறிஞர்கள் பேச வேண்டியது. நாம் இங்கே ஃபத்வா கூற வரவில்லை. எனினும், கடலடியில் கிடைத்த கப்பல் ஒன்றை ஆய்வு செய்து வெளியிடுவது என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள, 'பையும் கயிறும் அறிவிப்பும்' என்னும் இந்த மூன்றைவிடப் பொருத்தமான அளவுகோல் நமக்குத் தென்படவில்லை.

1998ஆம் ஆண்டு. இந்தோனேசியாவில் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் இடையே உள்ள பெலித்துங் தீவின் கரைக்கு அப்பால், கடல் அட்டை எடுக்க மூழ்கியவர்கள் சுமார் 17 மீட்டர் ஆழத்தில் ஒரு மேட்டைக் கண்டார்கள். (கடல் அட்டை என்றால் என்ன என்று கீழக்கரைக்காரர்களுக்கும் மண்டபத்தாருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.) பவளம் படர்ந்திருந்த அந்த மேடு முழுவதும் பீங்கான், மண்கலங்களால் ஆனது. இந்தோனேசிய அரசின் உரிமம் பெற்ற ஒரு தனியார் நிறுவனம் 1998, 1999 ஆகிய இரண்டு பருவங்களில் அதை அகழ்ந்து எடுத்தது. மேலே வந்தவை ஏறத்தாழ 60,000 பொருள்கள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சீனாவின் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். அவை கண்டபடி குவிக்கப்பட்டிருக்கவில்லை. பச்சை மெருகு பூசிய பெரிய தாழிகளுக்குள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள் போல அடுக்கப்பட்டிருந்தன. ஒரே தாழிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிண்ணங்கள் அடங்கியிருந்ததும் உண்டு. அந்தத் தாழிகளைத்தான் இந்தக் கப்பலின் 'பை' என்று நாம் சொல்வோம். கிண்ணங்களைத் தனியே எடுத்துச் சந்தையில் விரித்திருந்தால், அக்காலச் சீனத் துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்கை எப்படிக் கட்டினார்கள் என்ற செய்தி அன்றே அழிந்திருக்கும்.

கிண்ணங்களில் ஒன்றில் தேதி பொறிக்கப்பட்டிருந்தது. அதைக் கணக்கிட்டால் கி.பி. 826ஆம் ஆண்டு வருகிறது, ஹிஜ்ரி 211. பக்தாதில் கலீஃபா மஃமூனின் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. ஹிஜ்ரி 194இல் பிறந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அப்போது பதினேழு வயது இளைஞர். நபிமொழிகளைத் தேடி ஊர் ஊராகப் பயணம் புறப்பட்டிருந்த பருவம். நாம் ஏட்டில் படித்த காலத்தை ஒரு களிமண் கிண்ணம் கையில் தருகிறது.

சரக்கின் முகவரியும் கிண்ணங்களிலேயே இருந்தது. சிலவற்றில் தாமரை, சிலவற்றில் பறவையும் மீனும், சிலவற்றில் அரபு எழுத்துகளைப் போலத் தோன்றும் தூரிகைக் கோடுகள். அரபு தெரியாத சீனக் குயவன், மேற்கே வாங்குவோர் விரும்புவர் என்று எண்ணி வரைந்த கோடுகளாக அவற்றை ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சாங்ஷா ஓடுகள் சீராஃபின் அகழாய்விலும், அப்பாஸியத் தலைநகரான ஸாமர்ராவிலும் கிடைத்துள்ளன. ஆகவே அந்தச் சந்தை கற்பனையன்று. கப்பலில் ஈய வார்ப்புகளும், வெண்கலக் கண்ணாடிகளும், நட்சத்திரச் சோம்பும், எண்முகப் பொற்கிண்ணம் ஒன்றும், வெள்ளைப் பரப்பில் நீலம் தீட்டிய மூன்று தட்டுகளும் இருந்தன. முழுமையாகக் கிடைத்துள்ள சீன நீல வெள்ளைக் கலங்களுள் அந்த மூன்று தட்டுகள் மிகப் பழமையானவை. அப்பாஸிய இராக்கின் குயவர்களும் வெள்ளை மெருகின்மேல் கோபால்ட் நீலம் தீட்டிக்கொண்டிருந்த நூற்றாண்டு அதுதான். யார் யாரிடம் கற்றார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இனிக் 'கயிறு'. பெலித்துங் கப்பலின் பலகைகளில் ஆணி இல்லை. துளையிட்டுக் கயிற்றால் தைத்து, தையலின் கீழே நார்த்திணிப்பு வைத்து இறுக்கியிருந்தார்கள். அபூ ஸைத் வருணித்த அதே முறை. அவர் இன்னொன்றும் சொல்கிறார்: ஓமான் நாட்டினர் தச்சுக் கருவிகளுடன் தென்னை வளரும் தீவுகளுக்குச் செல்வார்கள், மரத்தை வெட்டிப் பலகையாக்கி, அதன் நாரைத் திரித்து அப்பலகைகளைத் தைப்பார்கள், பாய்மரமும் பாயும் அதிலிருந்தே செய்து, தேங்காயையே சரக்காக ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஒரு மரத்திலிருந்து கப்பலும் சரக்கும் இரண்டும்! நம் கரையோர ஓடாவிகள் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். ஆங்கிலத்தில் தென்னை நாரைக் குறிக்கும் 'காயர்' என்ற சொல்லே நம் பக்கத்துக் 'கயிறு', மலையாளத்துக் 'கயர்' என்பவற்றின் வழிவந்ததுதான். அரபுக் கப்பலைத் தைத்த கயிற்றில் நமக்கும் ஒரு முறுக்கு உண்டு.

இந்தக் கப்பலின் உடலை ஆராய்ந்தவர் கடல்சார் தொல்லியலாளர் மைக்கேல் ஃப்ளெக்கர். இரண்டாம் பருவ அகழாய்வை நடத்தியவர் அவர். 2001இல் 'வேர்ல்ட் ஆர்க்கியாலஜி' ஆய்விதழில் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஒரு தயக்கத்தைக் காட்டிற்று. அரபுக் கப்பலோ இந்தியக் கப்பலோ என்ற இரண்டு வாய்ப்புகளையும் தலைப்பிலேயே வைத்திருந்தார். மரத்துண்டுகளை மீண்டும் ஆய்வகத்தில் சோதித்த பின், 2008இல் கடல்சார் தொல்லியலுக்கென்றே நடக்கும் பன்னாட்டு ஆய்விதழில் ஒரு பிற்சேர்க்கை எழுதினார். பலகைகளில் ஆப்பிரிக்க மரம் இருப்பது தெரிந்தது. குறுக்கு விட்டங்களில் தேக்கு இருப்பது தெரிந்தது. மேற்கு ஆசியாவில் கட்டப்பட்ட அரபுக் கப்பல் என்ற முடிவு இதனால் வலுப்பெற்றது. தேக்கு, அரபு நாட்டில் விளையும் மரமன்று. இந்தியக் கரையிலிருந்து அங்கே சென்ற மரம்.

ஏழு ஆண்டு இடைவெளியில் வந்த அந்தச் சிறு பிற்சேர்க்கையை நாம் பெரிதாக மதிக்கிறோம். முதல் கட்டுரையில் மரத்துண்டு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, எந்தப் பலகையைச் சேர்ந்தது என்பது பதிவாகியிருந்தது. எனவே அதை மறுபடி கேள்வி கேட்க முடிந்தது. ஹதீஸ் கலையைக் கற்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு செய்தியின் வாசகம் எவ்வளவு அழகாயிருந்தாலும், அது யார் வழியாக வந்தது என்ற இஸ்னாத் இல்லையேல் அறிஞர்கள் அதன்மேல் தீர்ப்பை எழுப்புவதில்லை. தொல்பொருளுக்கு அது கிடைத்த இடமே இஸ்னாத். கடையில் இருக்கும் சாங்ஷா கிண்ணம் அழகான கிண்ணம், அவ்வளவுதான். பெலித்துங் தாழிக்குள் இன்ன அடுக்கில் இருந்த கிண்ணமோ, சீனாவிலிருந்து அரபுக் கப்பலில் நேரடியாகச் சரக்குச் சென்றதற்கான சாட்சி. அதற்குமுன் இந்த நேரடி வணிகத்துக்கு நூல்களில் சான்று இருந்தது. கப்பலின் வடிவில் சான்று இல்லை.

ஒரு புதிரும் எஞ்சியிருக்கிறது. அரபு நூல்கள் சொல்லும் வழி நமக்குத் தெரிந்ததுதான்: மஸ்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் கூலம் மலீ என அவை குறிக்கும் கொல்லம், அங்கே சீனம் செல்லும் கப்பல்களிடம் 1000 திர்ஹம் சுங்கம், பிறகு இலங்கையைச் சுற்றி, நிக்கோபாரைத் தொட்டு, மலாயாக் கரை, சீனா. திரும்பும் வழியும் அதுவே. பெலித்துங் தீவோ அந்த வழியை விட்டு வெகு தெற்கே கிடக்கிறது. ஜாவாவுக்குச் சென்று மிளகோ மசாலையோ ஏற்ற நினைத்தார்களா, காற்று தள்ளிச் சென்றதா என்று பலரும் பல விடை சொல்கிறார்கள். அந்தக் கப்பலின் நகுதா யார், எந்த ஊரார் என்பதைச் சொல்லும் பொருள் எதுவும் இல்லை. அவரும் உடன் சென்றவர்களும் கரை சேர்ந்தார்களா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல செய்தி. இனிச் சொல்வது வழக்கு.

பெலித்துங்கை அகழ்ந்தது பல்கலைக்கழகமன்று. பொருளை விற்று முதலை மீட்கும் வணிக நிறுவனம். 2005இல் சிங்கப்பூர் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துத் தொகுப்பின் பெரும்பகுதியை வாங்கியது. இன்று அது அங்குள்ள ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இந்தக் கப்பலைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சியைத் திட்டமிட்டது. கட்டுரைகள் அடங்கிய நூலும் 2010இல் வெளிவந்தது. ஆனால் அமெரிக்கத் தொல்லியல் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. கடலடிப் பண்பாட்டுச் செல்வத்தை வணிகத்துக்காகச் சுரண்டுதல் பாதுகாப்புக்கு ஒவ்வாதது என்பது யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையின் விதி. வணிக அகழ்வை ஒரு பெரிய அருங்காட்சியகம் மேடையேற்றினால், அடுத்த கப்பலைத் தேடிப் புறப்படுவோருக்கு அதுவே ஊக்கமாகும் என்பது எதிர்ப்பாளரின் வாதம். 2011 டிசம்பரில் அந்தக் கண்காட்சி கைவிடப்பட்டது.

எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. வறிய கடற்கரைகளில், கப்பல் இருக்குமிடம் ஒருமுறை தெரிந்துவிட்டால் அது நாள்கணக்கில் சூறையாடப்படும். அரசிடம் பணமும் மூழ்கு வல்லுநரும் இல்லாதபோது உரிமம் பெற்ற அகழ்வாவது பதிவை மிச்சப்படுத்துகிறது என்று ஃப்ளெக்கர் போன்றோர் எழுதினர். நம் கருத்தைக் கேட்டால், தொகுப்பு சிதறாமல் ஒரே இடத்தில் நிற்பது பேறு. ஆயினும், அது நின்றது ஒரு செல்வந்த நகரம் விலை கொடுத்ததால். அடுத்த கப்பலுக்கு அப்படி ஒருவர் வருவார் என்பதற்கு உறுதி என்ன?

உறுதி இல்லை என்பதற்கு 1986ஆம் ஆண்டே சான்று. 1752இல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்னும் டச்சுக் கப்பலை மைக்கேல் ஹாட்சர் என்பவர் தென்சீனக் கடலில் கண்டு, அதன் சீனப் பீங்கானையும் தங்கக் கட்டிகளையும் மேலே கொண்டுவந்தார். ஆம்ஸ்டர்டாமில் அவை ஏலத்துக்கு வந்தன. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பீங்கான்கள் உலகெங்கும் வீட்டு அலமாரிகளுக்குப் போயின. ஏலப் பட்டியல் அழகாக அச்சிடப்பட்டது. கப்பலின் உடல் எப்படி இருந்தது, எந்தப் பெட்டி எந்த அறையில் இருந்தது என்பதற்கு முறையான அகழாய்வுப் பதிவு இல்லை. பையும் கயிறும் போயின. பொருளுக்கு விலை மட்டும் கிடைத்தது.

இதற்கு நேர்மாறானதொரு கப்பல் துருக்கியின் தென்மேற்குக் கரையில், செர்சே லிமானி என்ற சிறு குடாவில் கிடந்தது. கடற்பஞ்சு எடுப்போர் தந்த தகவலால் தெரியவந்தது. ஜார்ஜ் பாஸ் தலைமையிலான குழு 1977 முதல் 1979 வரை அகழ்ந்தது. அதில் பொன்னோ வெள்ளியோ பெரிதாக இல்லை. இருந்தது ஏறத்தாழ 3 டன் கண்ணாடி. பாதிக்குமேல் மூலக் கண்ணாடிக் கட்டிகள். மீதி, உருக்கி மீண்டும் பயன்படுத்த ஏற்றிய உடைந்த பாத்திரங்கள். ஃபாத்திமிய ஆட்சிக்குட்பட்ட கரையில் ஏற்றப்பட்ட சரக்கு அது. ஃபாத்திமிய கலீஃபாக்களின் பெயர் பொறித்த கண்ணாடி எடைக்கற்களும் கிடைத்ததால், கி.பி. 1020களில் கப்பல் மூழ்கியதென்று கணிக்க முடிந்தது. (எடைக்கல் இஸ்லாமியருடையதாயினும் கப்பலில் பன்றி எலும்புகளும் கிடந்தன. சரக்கு ஒரு சமூகத்தது, மாலுமிகள் வேறொரு சமூகத்தார். நிலத்தில் போர் நடந்த காலத்திலும் கடலில் வணிகம் நடந்தது.)

உடைந்த கண்ணாடித் துண்டுகள் 5 இலட்சம் முதல் 10 இலட்சம் வரை இருக்கும் என மதிப்பிட்டனர். அவற்றை என்ன செய்வது? போத்ரும் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நிறத்தாலும் தடிப்பாலும் வடிவாலும் பிரித்துப் பிரித்து, ஒன்றோடொன்று பொருத்தினார்கள். ஆண்டுகள் உருண்டன. கப்பலைப் பற்றிய முதல் தொகுதி 2004இல் வந்தது. கண்ணாடியைப் பற்றிய இரண்டாம் தொகுதி 2009இல் வந்தது. அகழாய்வு முடிந்து முப்பது ஆண்டுகள். அந்தத் தொகுதி வெளிவந்தபின், பதினோராம் நூற்றாண்டின் இஸ்லாமியக் கண்ணாடியை ஆராய்வோர் எங்கே எது கிடைத்தாலும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அதனோடுதான். ஏலத்தில் ஒரு காசுக்கும் விலைபோகாத உடைசல் இது. நம் இல்லங்களில் ஃபாத்திமியக் கலை என்று படங்களில் பார்க்கும் கண்ணாடிகளுள் எத்தனைக்கு இப்படி நாளும் இடமும் தெரியும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த முப்பது ஆண்டுப் பொறுமையின் அருமை விளங்கும்.

பொறுமையின்றிச் சில கண்டுபிடிப்புகள் விரைவிலேயே வெளியாவதும் உண்டு. நம் அண்டையில், ஆலப்புழை மாவட்டத்தின் தைக்கல் கடக்கரப்பள்ளியில், சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த ஆஞ்சிலி மரப் படகொன்று 2002, 2003 ஆண்டுகளில் அகழப்பட்டது. ஆய்வில் பங்கேற்றவர்களுள் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வீ. செல்வகுமாரும் ஒருவர். 2004இலேயே அவர்களின் கட்டுரை அந்தப் பன்னாட்டு ஆய்விதழில் வந்துவிட்டது. தைத்த கப்பல்களே இக்கடலின் மரபு என்று பொதுவாகச் சொல்லிவந்த நிலையில், அந்தப் படகில் இரும்பாணிகள் இருந்தன. வெளியாகியிராவிட்டால் பழைய பொதுக்கூற்றையே நாமும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்போம்.

ஓமான் கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதில் நமக்கு ஒரு வலி இருக்கிறது. 1502இல் வாஸ்கோடகாமாவின் இரண்டாம் படையெடுப்பில், ஹஜ் முடித்துத் திரும்பிய பயணிகளின் கப்பல் ஒன்று மலபார்க் கரைக்கு அப்பால் கொள்ளையிடப்பட்டு, ஆண், பெண், குழந்தைகளோடு எரிக்கப்பட்டது. இதைப் பதிந்தவர்கள் போர்ச்சுகீசியரே. அந்தப் படையில் வந்தவர்கள் காமாவின் தாய்மாமன்களான விசென்டே சோத்ரே, பிராஸ் சோத்ரே. கொச்சியையும் கண்ணூரையும் காத்து நிற்குமாறு காமா அவர்களை விட்டுச் சென்றார். அவர்களோ ஏடன் வளைகுடாவுக்குச் சென்று முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களைச் சூறையாடினார்கள். 1503இல் ஓமானின் அல்ஹல்லானிய்யா தீவில் நங்கூரமிட்டபோது, கடும் வடகாற்று வரப்போகிறது, மறைவான பக்கத்துக்குச் செல்லுங்கள் என்று அத்தீவின் அரபு மக்கள் எச்சரித்தார்கள். தங்கள் இரும்பு நங்கூரங்களை நம்பி சோத்ரே சகோதரர்கள் அசையவில்லை. காற்று வந்தது. இரு கப்பல்களும் உடைந்தன. விசென்டேயின் கப்பல் ஆட்களோடு மூழ்கியது.

அந்த இடம் 1998இல் கண்டறியப்பட்டது. 2013 முதல் 2015 வரை ஓமானின் பாரம்பரிய, பண்பாட்டு அமைச்சகமும் டேவிட் மேர்ன்ஸ் தலைமையிலான குழுவும் சேர்ந்து அகழ்ந்தன. 2,800க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன; ஒன்றும் விற்கப்படவில்லை; யாவும் ஓமானுக்கே உரியவை. 2016இல் இடைக்கால அறிக்கை ஆய்விதழில் வெளியானது. 1498 எனத் தோன்றும் எண் பொறித்த கப்பல் மணி, உலகில் மிக அரிதான 'இந்தியோ' என்னும் வெள்ளிக் காசு, பின்னர் லேசர் ஆய்வினால் கோடுகள் தெரியவந்த வட்டக்கருவி ஆகியவை அதில் அடங்கும். அந்தக் கருவியின் பெயர் 'அஸ்துர்லாப்'. முஸ்லிம் வானியலாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் செம்மைப்படுத்திய கருவியின் வழித்தோன்றல், முஸ்லிம் கப்பல்களைத் தேடித் திரிந்த ஒரு கப்பலில் கிடந்தது. எரித்தவர்களின் கப்பலுக்கு இன்று மணியும் காசும் கட்டுரையும் உண்டு. எரிக்கப்பட்ட ஹாஜிகளின் கப்பல் கண்டறியப்படவில்லை.

நம் தமிழ்க் கரைக்கு வருவோம். பூம்புகாருக்கு அப்பால் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஆராய்ந்த ஒரு கப்பலில் ஈயக்கட்டிகள் இருந்தன. அவற்றில் 1791, 1792 என்ற ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த ஆய்வும் கட்டுரைகளாக வெளிவந்துள்ளது. ஐரோப்பிய ஈயம் ஏற்றிய கப்பலுக்குக் கட்டுரை இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை மரக்காயர்களின் கலங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் அச்சேவுக்கும் ஓடின. அவற்றுள் புயலில் போனவை எத்தனையோ. அவற்றைப் பற்றி வீடுகளில் கதை உண்டு. பாட்டனார் எந்தச் சரக்கோடு எந்த மாதத்தில் புறப்பட்டார் என்பதுகூட நினைவில் இருக்கும். கப்பல் கணக்கேடு, சரக்குச் சீட்டு, அரபுத் தமிழில் எழுதிய கடிதம் என்று ஏதேனும் பரணில் கிடக்கும். தரைமேல் இருக்கும் அந்தத் தாள்கள் கடலடியில் இருக்கும் மரத்துக்குப் பெயர் சூட்டக்கூடியவை. வீடு இடிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது, தாழியை உடைத்துக் கிண்ணத்தை மட்டும் எடுப்பதற்கு ஒப்பாகும்.

கடலில் தொழில் செய்யும் நம் சகோதரர்களின் வலையில் எப்போதாவது பழைய பானையோ நங்கூரக் கல்லோ மரத்துண்டோ சிக்குகிறது. அப்போது செய்யத்தக்கது கடினமானதன்று. வலை கிடந்த இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆழத்தையும் தேதியையும் எழுத வேண்டும். ஒட்டியிருக்கும் சிப்பியையும் பவளத்தையும் சுரண்டாமல் படம் எடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். அதுவரை பொருளை வெயிலில் காயவிடலாகாது. நூற்றாண்டுக் கணக்கில் உப்பு ஊறிய மண்கலம் உலரும்போது, உப்பு பளிங்காகி மெருகை உரித்துத் தள்ளிவிடும்; மரம் சுருங்கி வெடித்துவிடும். அதைப் பதனிடத் தெரிந்தவர்கள் வந்து சேரும்வரை, அது கிடந்த கடல்நீரையே ஒரு தொட்டியில் நிரப்பி, அதனுள் மூழ்கும்படி வைத்து, நிழலில் மூடி வைத்தால் போதும்.